வங்கியிலிருந்து காஜாங், காஜாங்கிலிருந்து நிதியமைச்சு: லிம் குவான் எங்கும் 48ஆவது பிரிவும்

மலேசியாவின் நிதியமைச்சர் நாற்காலிக்கும் சிறைச்சாலைக்கும் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கிறது. 1991 முதல் 1998 வரை அந்த நாற்காலியில் இருந்த டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பதவி பறிக்கப்பட்ட அதே மாதத்தில் கைதானார். 2008 முதல் 2018 வரை இருந்த டத்தோஸ்ரீ நஜிப் ரசாக் 2022 ஆகஸ்டு 23ஆம் தேதி காஜாங் சிறைக்குள் நுழைந்தார். இருவருக்கும் பதவி முதலில், சிறை பிறகு. இவர்களுக்கிடையில் ஒருவருக்கு மட்டும் வரிசை தலைகீழ். முதலில் காஜாங் சிறை, இருபது ஆண்டு கழித்து நிதியமைச்சு. அவர்தான் பினாங்கின் முன்னாள் முதலமைச்சர் லிம் குவான் எங்.

வங்கி அதிகாரி, நாடாளுமன்ற உறுப்பினர், இசா கைதி, தண்டனைக் கைதி, மாநில முதலமைச்சர், நாட்டின் நிதியமைச்சர் என்று அவர் வகித்த இடங்களை வரிசைப்படுத்தினால், மலேசிய அரசியல் சட்டத்தின் பல பிரிவுகளுக்கு அவரே நடமாடும் விளக்கவுரை போல இருக்கிறார். அதிலும் கூட்டரசு அரசமைப்பின் 48ஆவது பிரிவு. ஒருவர் எப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் தகுதியை இழக்கிறார் என்று சொல்வது அந்தப் பிரிவுதான். தேர்தல் காலத்தில் மட்டும் நம் காதில் விழுந்துவிட்டு மறைந்துபோகும் இந்தப் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள லிம்மின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

கணக்குப் புத்தகத்தில் தொடங்கியவர்

லிம் குவான் எங் 1960 டிசம்பர் 8ஆம் தேதி ஜொகூர் பாருவில் பிறந்தவர். ஜசெகவின் மூத்த தலைவர் லிம் கிட் சியாங்கின் மகன். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, கணக்காளராகத் தகுதி பெற்று, வங்கியில் அதிகாரியாக வேலை பார்த்தார். அந்த வேலை நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1986 பொதுத் தேர்தலில் ஜசெக அவரைக் கோத்தா மலாக்காவில் நிறுத்தியது. 25 வயதில் நாடாளுமன்றம் போனார். 1990, 1995 தேர்தல்களிலும் அதே தொகுதியைத் தக்கவைத்தார்.

வங்கியில் அவர் இருந்தது சில ஆண்டுகள்தான். ஆனால் அவருடைய பிற்கால அரசியல் முழுவதிலும் அந்த மேசையின் வாடை வீசுகிறது. எதைப் பேசினாலும் எண்ணில் தொடங்கி எண்ணில் முடிப்பார். சில சமயம் அது பலம், சில சமயம் அதுவே வம்பு.

முதல் சிறை: பதவி போகவில்லை

நாடாளுமன்றம் போன அடுத்த ஆண்டே சிறைவாசம் வந்தது. சீனப் பள்ளிகளுக்கு மாண்டரின் வழிக் கல்வி பெறாதவர்களை நிர்வாகப் பொறுப்புகளில் அமர்த்தியதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில், 1987 அக்டோபர் 27ஆம் தேதி ஓப்பராசி லாலாங் தொடங்கியது. அரசியல்வாதிகள், சமூக ஆர்வலர்கள், கல்வியாளர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அதாவது நாமெல்லாம் இசா என்று அறிந்த சட்டத்தின் கீழ், பிடிக்கப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் லிம் கிட் சியாங், லிம் குவான் எங், ஜெலுத்தோங் நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங், பி.பட்டு, தொழிற்சங்கத் தலைவர் வி.டேவிட் ஆகியோரும் இருந்தனர்.

இசா எப்படி இயங்கியது என்பதை இளைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் 60 நாள் போலீஸ் காவல். அதன்பின் உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டு ஆண்டு வரை கமுந்திங் தடுப்பு முகாம். இரண்டு ஆண்டு முடிந்ததும் மீண்டும் நீட்டிக்கலாம். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. கர்ப்பால் சிங்கை 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் விடுவித்தது. சில மணி நேரத்திலேயே அவர் மீண்டும் பிடிக்கப்பட்டார். நீதிமன்ற உத்தரவுக்கு அன்று இருந்த ஆயுள் அவ்வளவுதான்.

லிம் தந்தை மகன் இருவரும் சுமார் 18 மாதங்களுக்குப் பிறகு 1989 ஏப்ரலில் வெளியே வந்தனர். லாலாங்கில் பிடிபட்டவர்களில் கடைசியாக விடுவிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த 18 மாதமும் லிம் குவான் எங் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். கமுந்திங்கின் கம்பி வேலிக்குள் இருந்தபடியே கோத்தா மலாக்காவின் பிரதிநிதி. ஏனென்றால் 48ஆவது பிரிவு கேட்பது ஒருவர் எங்கே அடைக்கப்பட்டிருக்கிறார் என்பதை அல்ல, நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்துத் தண்டனை விதித்திருக்கிறதா என்பதை. விசாரணையே இல்லாதவருக்குத் தீர்ப்பு எங்கிருந்து வரும்? விசாரணையின்றி அடைத்து வைப்பது சட்டத்தின் மிகக் கொடிய முகம் என்றாலும், பதவியைக் காப்பாற்றியதும் அந்த விசாரணை இல்லாமைதான் என்பது விசித்திரம்.

இரண்டாவது சிறை: எல்லாம் போனது

1994இல் மலாக்காவில் ஒரு பாட்டி தன் பேத்திக்காக உதவி கேட்டு லிம்மிடம் வந்தார். பேத்திக்கு 15 வயது. அன்றைய மலாக்கா முதலமைச்சரோடு தொடர்புபடுத்தி அந்தச் சிறுமியின் விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டது. போதிய ஆதாரம் இல்லை என்று அரசுத் தரப்பு முதலமைச்சர் மீது வழக்குத் தொடரவில்லை. சிறுமியோ பாதுகாப்புக் காவலில் வைக்கப்பட்டார். லிம் இதைக் கண்டித்துப் பேசினார், துண்டறிக்கையும் வெளியிட்டார். சிறுமியைச் 'சிறைப்படுத்தப்பட்ட பாதிக்கப்பட்டவர்' என்று அந்த அறிக்கை வருணித்தது.

அந்தச் சொல்லே வழக்காகியது. சிறுமி சிறையில் இல்லை, பாதுகாப்பில்தான் இருந்தார், ஆகவே இது பொய்ச் செய்தி என்று அச்சகம் மற்றும் வெளியீட்டுச் சட்டத்தின் 8ஏ பிரிவின் கீழ் ஒரு குற்றச்சாட்டு. நீதி பரிபாலனத்தின் மீது மக்களுக்கு வெறுப்பு உண்டாகும்படி பேசினார் என்று தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் இன்னொன்று. 8ஏ பிரிவில் ஒரு சூட்சுமம் உண்டு. வெளியிடுவதற்கு முன் செய்தியைச் சரிபார்க்க நியாயமான நடவடிக்கை எடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் காட்டாவிட்டால், தீய நோக்கம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

1997 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, பொய்ச் செய்திக்கு 10,000 ரிங்கிட், தேச நிந்தனைக்கு 5,000 ரிங்கிட் என மொத்தம் 15,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. மேல்முறையீடு நிலைமையை மோசமாக்கியது. 1998 ஏப்ரல் 1ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை 18 மாதச் சிறையாக மாற்றியது, இரண்டும் ஏக காலத்தில். ஆகஸ்டு 25ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அன்றே காஜாங். அனைத்துலக மன்னிப்பு அமைப்பான அம்னஸ்டி அவரை மனச்சாட்சிக் கைதி என்று அறிவித்தது.

கோத்தா மலாக்கா தொகுதியும் அவரைவிட்டுப் போனது. கமுந்திங்கில் 18 மாதம் இருந்தும் போகாத பதவி, 18 மாதத் தண்டனை என்ற தீர்ப்பில் போய்விட்டது.

2,000 ரிங்கிட் கோடு

48ஆவது பிரிவு தகுதியிழப்புக்குப் பல காரணங்களைச் சொல்கிறது. மனநலம் குன்றியவர் என்று அறிவிக்கப்பட்டிருப்பது, கடன் தீராத திவாலானவராக இருப்பது, அரசாங்கத்தில் ஊதியம் பெறும் பதவி வகிப்பது, தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விடுவது, வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக ஏற்பது ஆகியவை அவற்றில் சில. அரசியல்வாதிகளை அதிகம் பயமுறுத்துவது குற்றத் தண்டனை பற்றிய வரி. நீதிமன்றம் ஒருவருக்கு ஓராண்டுக்குக் குறையாத சிறையோ, 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ விதித்து, அவருக்கு முழு மன்னிப்பும் கிடைக்காவிட்டால், அவர் தகுதியிழக்கிறார்.

ஓராண்டுச் சிறையும் 2,000 ரிங்கிட்டும் ஒரே தராசில் வைக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். சுதந்திரம் பெற்ற காலத்தில் 2,000 என்பது பெரிய தொகை. இன்று ஒரு நல்ல கைப்பேசியின் விலை. லிம் வழக்கில் உயர் நீதிமன்றம் விதித்த அபராதமே நிலைத்திருந்தாலும், ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாமலேயே அவர் பதவி போயிருக்கும்.

2014 மார்ச்சில் கர்ப்பால் சிங்குக்கு அதுதான் நடந்தது. 2009 பேராக் அரசியல் நெருக்கடியின்போது சுல்தானின் முடிவைச் சட்டப்படி கேள்வி கேட்கலாம் என்று அவர் சொன்னதற்காகத் தேச நிந்தனை வழக்கு. தண்டனை 4,000 ரிங்கிட் அபராதம். புக்கிட் குளுகோர் தொகுதி அவர் கையைவிட்டுப் போகக்கூடும் என்ற நிலை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, ஏப்ரல் 17ஆம் தேதி அதிகாலை, பினாங்குக்கு வரும் வழியில் கம்பாருக்கு அருகே நெடுஞ்சாலை விபத்தில் அவர் மாண்டார். ஐந்தாண்டு கழித்து, 2019 மார்ச்சில், கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

சரியாக 2,000 ரிங்கிட் என்றால் என்ன? 'குறையாத' என்ற சொல்லுக்கு 2,000உம் அடங்கும் என்பதே நேரடிப் பொருள். 2018 பொதுத் தேர்தலில் கோலாலம்பூர் பத்து தொகுதியில் தியான் சுவாவின் வேட்புமனு இந்தக் காரணத்துக்காகவே நிராகரிக்கப்பட்டது. அவருடைய அபராதத்தை உயர் நீதிமன்றம் 3,000இலிருந்து சரியாக 2,000ஆகக் குறைத்திருந்தது. ஒரு ரிங்கிட் குறைத்திருந்தால் கதை வேறு. அவருடைய கட்சி கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்திருந்த 22 வயது இளைஞர் பி.பிரபாகரனுக்கு ஆதரவு திரும்பியது. அவர் வென்று நாட்டின் ஆக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார். ஒரு தமிழ் இளைஞர் நாடாளுமன்றம் போனதற்கு 48ஆவது பிரிவுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஐந்து மாதத்தில் தவறிய தேர்தல்

தகுதியிழப்பு வாழ்நாள் முழுவதற்கும் அல்ல. மாமன்னர் அதை நீக்கலாம். நீக்காவிட்டால் ஐந்து ஆண்டில் தானாகத் தீரும். அபராதம் என்றால் அது விதிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. சிறை என்றால் விடுதலையாகும் நாளிலிருந்து.

லிம்முக்குக் கணக்குப் போடுவோம். 18 மாதத் தண்டனையில் நன்னடத்தைக்காக மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்பட்டது. இது எல்லாக் கைதிகளுக்கும் உள்ள சிறை விதி. ஆக, 12 மாதம் இருந்துவிட்டு 1999 ஆகஸ்டு 25ஆம் தேதி வெளியே வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் பொதுத் தேர்தல். தடை இருந்ததால் நிற்க முடியவில்லை. அந்தத் தேர்தலில் பினாங்கில் ஜசெகவுக்குப் பலத்த அடி. லிம் கிட் சியாங் புக்கிட் பெண்டேராவில் தோற்றார், கர்ப்பால் சிங் ஜெலுத்தோங்கில் தோற்றார்.

தடை முடிவது 2004 ஆகஸ்டில். அடுத்த பொதுத் தேர்தல் வந்தது 2004 மார்ச் 21ஆம் தேதி. ஐந்தே மாத இடைவெளியில் அதுவும் கைநழுவியது. அந்த ஆண்டில்தான் அவர் ஜசெக பொதுச் செயலாளரானார். நாடாளுமன்றத்துக்குள் போக முடியாத ஒருவர் எதிர்க்கட்சியை நடத்தினார். 18 மாதத் தண்டனை, ஏறக்குறைய பத்து ஆண்டு நாடாளுமன்ற வனவாசமாக நீண்டது.

கொம்தாரில் ஒரு முன்னாள் கைதி

2008 மார்ச் 8ஆம் தேதி நடந்தது பினாங்கு மக்களுக்கு நினைவிருக்கும். 40 சட்டமன்றத் தொகுதிகளில் 29ஐ எதிர்க்கட்சிகள் பிடித்தன. ஜசெக 19, பிகேஆர் 9, பாஸ் 1. லிம் பாகான் நாடாளுமன்றத் தொகுதியிலும் ஆயர் பூத்தே சட்டமன்றத் தொகுதியிலும் வென்று, மார்ச் 11ஆம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றார். பத்து காவானில் டான்ஸ்ரீ கோ சூ கூனை வீழ்த்திய பேராசிரியர் பி.ராமசாமி இரண்டாவது துணை முதலமைச்சரானார். ஓர் இந்தியர் துணை முதலமைச்சர் ஆனது நாட்டிலேயே அதுதான் முதல்முறை.

நமது சமூகத்தைப் பொறுத்தவரை அந்தப் பத்தாண்டின் கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசு ஆண்டுதோறும் மானியம் ஒதுக்கத் தொடங்கியது. ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்தின் சாலைப் பெயர்ப் பலகைகளில் தமிழும் இடம்பிடித்தது. இந்து அறப்பணி வாரியம் செய்திகளில் அடிக்கடி அடிபட்டது. 2017 தைப்பூசத்தில் தங்க ரதம் வீதிக்கு வந்தது.

செலவுப் பக்கத்தில் கம்போங் புவா பாலா. குளுகோரில் தலைமுறைகளாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கிராமம் அது. நிலம் கைமாறியது முந்தைய ஆட்சியின் முடிவு என்றது மாநில அரசு. எங்களைக் காப்போம் என்று சொல்லித்தானே ஓட்டு வாங்கினீர்கள் என்று கேட்டது குடியிருப்பாளர் தரப்பு. வழக்கில் இறுதியில் மக்கள் பக்கம் தோற்றது. இரண்டு மாடி வீடுகள் தருவதாகச் செய்யப்பட்ட ஏற்பாட்டைப் பெரும்பாலோர் ஏற்றனர், சிலர் கடைசி வரை மறுத்தனர். 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. சட்டப்படி யார் பக்கம் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதிகாரமற்ற ஒரு குடும்பத்துக்காகப் பேசிச் சிறை சென்றவரின் ஆட்சியில் மண்வாரி இயந்திரம் வந்து நின்றது பலரது மனத்தில் ஆறாத வடுவாகத் தங்கியது.

நிதி நிர்வாகத்தில் பழைய வங்கி அதிகாரி எட்டிப் பார்த்தார். பொது டெண்டர், சொத்து அறிவிப்பு என்று நடைமுறைகள் வந்தன. 600 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் இருந்த மாநிலக் கடனைப் பெருமளவு குறைத்ததாக அவர் பல மேடைகளில் சொன்னார். அதில் பெரும்பகுதி, நீர்வளச் சொத்துகளைக் கூட்டரசு நிறுவனத்துக்கு மாற்றியதன் மூலம் தீர்ந்தது. கடனை அடைத்தாரா, இடம் மாற்றினாரா என்று எதிர்த்தரப்பு கேட்டது. கணக்காளர்கள் இரண்டும் சரி என்பார்கள்.

ஒரு டிரில்லியன் என்றால் என்ன?

2018 மே 21ஆம் தேதி அவர் நிதியமைச்சராகப் பதவியேற்றார். 1974இல் துன் டான் சியூ சின் விலகிய பிறகு, 44 ஆண்டில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் சீனர். உட்கார்ந்த சூட்டோடு அவர் வெளியிட்ட எண் நாட்டையே உலுக்கியது. நாட்டின் கடனும் கடப்பாடுகளும் 1.087 டிரில்லியன் ரிங்கிட்.

அந்த எண்ணுக்குள் மூன்று எண்கள் இருந்தன. கூட்டரசு அரசாங்கத்தின் நேரடிக் கடன் 686.8 பில்லியன். 1எம்டிபி போன்ற நிறுவனங்கள் வாங்கிய கடனுக்கு அரசு கொடுத்த உத்தரவாதங்களில், அரசே கட்ட வேண்டிவரும் என்று கருதப்பட்டவை 199.1 பில்லியன். அரசு-தனியார் கூட்டுத் திட்டங்களுக்குக் குத்தகை வடிவில் கட்ட வேண்டிய தொகை 201.4 பில்லியன். முந்தைய அரசு முதல் எண்ணை மட்டுமே கடன் என்று சொல்லிவந்தது. அனைத்துலக வழக்கமும் அதுதான் என்று நஜிப் தரப்பு வாதிட்டது, சந்தையைப் பயமுறுத்துகிறார் என்றும் குறைகூறியது.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வாதம் பழகியது. உங்கள் மைத்துனர் கார் வாங்க நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அது உங்கள் கடனா? அவர் கட்டும்வரை இல்லை. அவர் கட்டத் தவறினால் வங்கி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். அந்த மைத்துனர் கட்டமாட்டார் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், அதைக் கணக்கில் எழுதாமல் விடுவது ஏமாற்று என்பது லிம்மின் பக்கம். இன்னும் நடக்காததைக் கடன் என்று கூவினால் முதலீட்டாளர்கள் ஓடுவார்கள் என்பது மறுபக்கம். கொள்கையளவில் லிம் சொன்னதே நேர்மையான கணக்கு. சொன்ன விதத்தில் தேர்தல் மேடையின் சத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஜூன் 1ஆம் தேதி ஜிஎஸ்டி பூஜ்யமானது, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. வணிகர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய வரிப்பாக்கிக்காக 2019 வரவு செலவுத் திட்டத்தில் 37 பில்லியன் ஒதுக்கப்பட்டது. அதே திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 50 மில்லியன் கிடைத்தது. 2019 மார்ச்சில் ஜப்பானிய அரசு வங்கியின் உத்தரவாதத்தோடு 200 பில்லியன் யென் சாமுராய் பத்திரம் 0.53 விழுக்காடு வட்டியில் வெளியானது. 2020 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தது. 22 மாதத்துக்கும் குறைவான காலத்தில் ஒரு நிதியமைச்சரை எடைபோடுவது கடினம்.

அதே ஆண்டு ஆகஸ்டில், முதலமைச்சராக இருந்த காலத்துக் கடலடிச் சுரங்கப்பாதைத் திட்டம் தொடர்பில் அவர் மீது ஊழல் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவர் குற்றத்தை மறுத்து விசாரணை கோரினார். அதற்கு முன் 2016இல் தொடுக்கப்பட்ட பங்களா வழக்கில், அரசுத் தரப்பு வழக்கை மீட்டுக்கொண்டதால் 2018 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டிருந்தார். நிதியமைச்சராக இருக்கும்போது அவ்வழக்கு மீட்கப்பட்டது அன்று கேள்விகளை எழுப்பியது.

இத்தகைய வழக்குகளில் 48ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பதவியில் இருக்கும் உறுப்பினருக்குத் தண்டனை கிடைத்தால், 14 நாள் கழித்தே தகுதியிழப்பு நடப்புக்கு வரும். அதற்குள் மேல்முறையீடு செய்தால், மேல்முறையீடு முடியும்வரை பதவி நீடிக்கும். பிறகு மன்னிப்பு மனு போட்டால் அதன் முடிவு வரும்வரை. ஆனால் புதிதாகத் தேர்தலில் நிற்க விரும்புவோருக்கு இந்தச் சலுகை இல்லை. 2022 நவம்பர் தேர்தலில் நஜிப் பெக்கானில் நிற்க முடியாமல் போனது இதனால்தான்.

சிறைக்குள் என்ன மாறியது?

சிறை சென்ற அரசியல்வாதிகள் ஆட்சிக்கு வந்தால் சிறைச் சட்டங்கள் மாறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஓரளவு மாறியது. இசா 2012இல் நீக்கப்பட்டது, ஆனால் சொஸ்மா சட்டம் அந்த இடத்தில் வந்தது. 2018இல் நஜிப் அரசு கொண்டுவந்த பொய்ச் செய்திச் சட்டத்தை நம்பிக்கைக் கூட்டணி 2019 இறுதியில் நீக்கியது. லிம்மைச் சிறைக்கு அனுப்பிய 8ஏ பிரிவும் தேச நிந்தனைச் சட்டமும் அந்த 22 மாதத்தில் அசையவில்லை.

மரண தண்டனையை ஒழிக்கப்போவதாக 2018 அக்டோபரில் அறிவித்த அமைச்சரவையில் லிம்மும் இருந்தார். அது உடனே நடக்கவில்லை. 2023 ஏப்ரலில், கர்ப்பாலின் மகனும் புக்கிட் குளுகோர் நாடாளுமன்ற உறுப்பினருமான ராம்கர்ப்பால் சிங் சட்டத்துறைத் துணையமைச்சராக இருந்தபோது, கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. தூக்குத் தண்டனை சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் நீதிபதிக்கு வேறு வழியே இல்லை என்ற நிலை போய்விட்டது. தூக்குக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். ஏற்கெனவே எல்லா மேல்முறையீடும் முடிந்து காத்திருந்த சுமார் 1,000 பேரின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் மறு ஆய்வு செய்ய இன்னொரு சட்டம் வழிவிட்டது.

பினாங்குக்கு இதில் தனி நினைவுகள் உண்டு. 1983இல் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஹெராயினுடன் பிடிபட்ட பார்லோ, சேம்பர்ஸ் என்ற இருவர் 1986 ஜூலை 7ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்கில் வாதாடியவர் கர்ப்பால். அதற்கும் முன்பு, 1977இல், துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் பினாங்கில் மரண தண்டனை பெற்ற 14 வயதுச் சிறுவனுக்காகவும் அவர் போராடினார். அந்தச் சிறுவன் கடைசியில் ஹென்றி கெர்னி சீர்திருத்தப் பள்ளிக்குப் போனான்.

இன்னும் பின்னோக்கிப் போனால், இந்தத் தீவில் சிறை என்பதே நம்மவர் கதையோடு பின்னிக்கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள். 1818இல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் சுவர்களில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. நன்னடத்தை காட்டிய கைதிகளே மற்றக் கைதிகளுக்குக் காவலர்களானார்கள். நீண்ட காலம் ஒழுங்காக இருந்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்து ஊருக்குள் வாழவிட்டார்கள். 2008இல் சிறைச் சட்டத் திருத்தம் வழியாக மலேசியாவுக்கு வந்த பரோல் முறை, அதாவது ஓராண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவர் பாதிக் காலத்தை முடித்த பிறகு கண்காணிப்பில் வெளியே வாழும் ஏற்பாடு, ஒருவகையில் அந்தப் பழைய அனுமதிச் சீட்டின் பேரப்பிள்ளை.

ஆனால் ஒரு வித்தியாசம். சாதாரணக் கைதி வெளியே வந்ததும் வேலை தேடுகிறார், குற்றப் பதிவு காரணமாகக் கதவுகள் மூடுகின்றன, அதற்கு ஐந்தாண்டுக் கெடு எதுவும் இல்லை. லிம் 2022இல் ஜசெகவின் தேசியத் தலைவரானார். 2025 மார்ச்சில் நடந்த கட்சித் தேர்தலில் மத்தியச் செயலவைக்கு 26ஆவது இடத்தில்தான் வர முடிந்தது. அதன்பின் ஆலோசகர் பொறுப்பு ஏற்றார். நாடாளுமன்றத்தில் பாகான் தொகுதி அவரிடமே இருந்தது. 48ஆவது பிரிவில் உள்ள 2,000 ரிங்கிட் தொகையும் அப்படியே இருக்கிறது.